‘ஆப்சலூட்’: தனிநிலையா, பிரிநிலையா?

அன்புள்ள குழுவினருக்கு,

வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு எழுதிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பக்கத்தில் ஓர் உறுப்பை எங்கே வைப்பது என்று சொல்லும் ‘பொசிஷன்’ கட்டளையில் வரும் ‘ரிலேட்டிவ்’ என்பதற்குச் சார்நிலை என்றும் ‘ஆப்சலூட்’ என்பதற்குத் தனிநிலை என்றும் எழுதியுள்ளேன். ஆனால் தனிநிலை என்ற சொல்லே வகுப்பில் குழப்புகிறது. ஒரு பெட்டியின் வலது மேல் மூலையில் சிறு படம் வைக்க விரும்பும் மாணவர், படத்துக்கு ‘ஆப்சலூட்’ கொடுத்து ‘டாப்’, ‘ரைட்’ இரண்டையும் சுழியமாக்குகிறார். படமோ பெட்டியை விட்டுப் பக்கத்தின் மூலைக்கே போய்விடுகிறது. பெட்டிக்கு ‘பொசிஷன்: ரிலேட்டிவ்’ என்று ஒரு வரி சேர்த்தால்தான் அது உள்ளே வந்து நிற்கும். தனிநிலை என்று படித்தவருக்குத் தாய்ப்பெட்டியைத் தேட எப்படித் தோன்றும்? வேறு சொல் உண்டா?

* * *

ஐயா, தனிநிலையை மாற்றாதீர்கள். நன்னூலார் சார்பெழுத்துகளை அடுக்கும் நூற்பாவிலேயே ஆய்தத்தை (ஃ) தனிநிலை என்றும் சுட்டுகிறார். உயிரோடும் மெய்யோடும் சேராததால் அது தனிநிலை. முன்னும் பின்னும் எழுத்தின்றி ஒலிக்காததால் சார்பெழுத்து. ‘ஆப்சலூட்’ உறுப்பும் பக்கத்தின் இயல்பான ஓட்டத்திலிருந்து விலகிவிடுகிறது, அதன் இடத்தைப் பிற உறுப்புகள் எடுத்துக்கொள்கின்றன. ஆயினும் தன்னை உள்ளடக்கிய மேற்பெட்டிகளில், ‘ஸ்டாட்டிக்’ (எதுவும் சொல்லாதபோது இருக்கும் இயல்புநிலை) அல்லாத மிக நெருங்கியதைக் கொண்டே தன் இடத்தை அளக்கிறது. தொல்காப்பியரும் ஆய்தத்தைச் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாகவே வைத்தார்.

* * *

அம்மா, ஆய்த விளக்கம் அருமை. ஆனால் நன்னூல் படிக்காத மாணவருக்கு அது எட்டாது. என் பார்வையில் பிழை சார்நிலையில்தான் இருக்கிறது. ‘ரிலேட்டிவ்’ உறுப்பு பிறிதொன்றையும் சாராமல் தன் பழைய இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டே அங்கிருந்து சற்று நகர்கிறது. பிறரைச் சார்வது ‘ஆப்சலூட்’தான். ஆகவே முன்னதைப் பெயர்நிலை என்றும் பின்னதைப் பிரிநிலை என்றும் சொல்லலாம்.

* * *

பிரிநிலை என்றதும் தமிழாசிரியருக்கு ஒன்றைப் பிரித்துக் காட்டும் பிரிநிலை ஏகாரம்தான் நினைவுக்கு வரும். பெயர்நிலையோ பெயர்ச்சொல்லோடு மயங்கும். 1998இல் வந்த சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பு முதல் ‘ரிலேட்டிவ்’, ‘ஆப்சலூட்’ இரண்டும் நிரலில் தட்டச்சிட வேண்டிய சொற்கள். அவற்றுக்கு ஈடாக எழுதும் தமிழ்ச் சொல்லை உலாவி ஏற்காது. ஒலிபெயர்த்தே எழுதி, நடப்பதைத் தமிழில் விளக்குவதே மாணவருக்கு நல்லது.

* * *

அனைவருக்கும் நன்றி. தனிநிலையே அச்சேறும். முதல் முறை வருமிடத்தில் ‘ஆப்சலூட்’ என்பதும், மேற்பெட்டி பற்றிய ஒரு வரியும் சேரும்.

* * *

தனிநிலை இருக்கட்டும். சார்நிலையை மட்டுமாவது நீக்குங்கள் ஐயா. அதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.