மன்னித்தேன், ஜாமீன் கையெழுத்து போடவில்லை

என்னோடு கூட்டாகத் தொழில் செய்தவர் கணக்கில் கைவைத்துவிட்டார். சபையில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவர்தான். கடன் என் தலையில் விழுந்தது. அது போதாதென்று, ஏமாற்றியது நான்தான் என்று வெளியே பேசியும் வைத்திருந்தார். பணத்தைவிட அதுதான் வலித்தது.

விசாரித்தவர்கள் எல்லாரும் பைபிளில் மத்தேயு 18ஆம் அதிகாரத்தைத்தான் நீட்டினார்கள். பதினாயிரம் தாலந்து என்ற மலையளவு கடன் மன்னிக்கப்பட்டவன், நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரித்ததாக இயேசு சொன்ன கதை. அந்த நூறு சில்லறைக் காசு என்றுதான் பலரும் பிரசங்கிக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் அது மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு! என் நஷ்டம் அற்பமானது என்று ஆண்டவர் சொல்லவில்லை. நஷ்டம்தான், அதையும் விடு என்கிறார். அதற்கப்புறம்தான் என்னால் மன்னிக்கவே முடிந்தது.

பிறகு ஒருநாள் அவரே வந்தார். "மன்னிச்சிட்டீங்கல்ல பிரதர், லோனுக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து போடுங்க" என்றார். முடியாது என்றேன். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது தெரிந்ததும் மருந்துச் செலவை நேராக அங்கேயே கட்டினேன். சத்துரு பசியாயிருந்தால் போஜனம் கொடு என்று ரோமர் 12இல் இருக்கிறது. கல்லாப்பெட்டியைக் கொடு என்று இல்லை. யோசேப்பும் தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களுக்குத் தானியத்தை முதலில் கொடுத்தார். அவர்கள் மாறிவிட்டார்களா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினார்.

— பிரதர், என் கதை வேறு. குடித்துவிட்டு அடித்த அண்ணன்மேல் போலீஸில் எழுதிக் கொடுத்தேன். "கிறிஸ்தவப் பெண் செய்கிற காரியமா?" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். 1999இல் ஒடிசாவில் மிஷனரியாக இருந்த தன் கணவரையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். அதற்காக வழக்கு நிற்கவில்லை, தண்டனையும் வந்தது. அண்ணனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், புகாரை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. சில நாள் கோபம் அப்படியே திரும்பி வரும். அன்றைக்கு ஜெபம் ஒரே வரியில் முடிந்துவிடும்.

— எனக்கும் அப்படித்தான் சிஸ்டர். எத்தனை தரம் மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது இயேசு எழுபது தரம் ஏழு என்றது, ஒரே ஆளை, ஒரே விஷயத்துக்காக மறுபடி மறுபடி மன்னிப்பதற்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். என்னை ஏமாற்றிய கூட்டாளி இப்போது பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார். ரசீது எழுதித்தான் வாங்குகிறேன்.