பிடரியில் ஆரம்பித்துப் புருவத்தில் போய் உட்காரும் தலைவலி: பிசியோதெரபியில் தீருமா?

அரசலாறு (கேள்வி)

திருபுவனத்தில் குழித்தறியில் பட்டு நெய்கிறவர், வயது 47. ஏழெட்டு மாதமாக வலது பிடரியில் பிடிப்பு. மத்தியானத்துக்கு மேல் அது அப்படியே மண்டை வழியாக ஏறி வலது புருவத்தில் நிற்கிறது. பக்கம் மாறியதே இல்லை. குமட்டல் கிடையாது, வெளிச்சமும் பெரிதாகக் கூசுவதில்லை. வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பது சிரமம். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. எக்ஸ்ரேயில் "கழுத்து எலும்பு தேய்மானம்" என்று எழுதிவிட்டார்கள். பத்து நாள் கரண்ட் வைத்தார்கள். வைத்த அன்று சுகம், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடிதான். வாரத்தில் நாலைந்து நாள் வலி மாத்திரை ஓடுகிறது.

இது கழுத்தால் வருவதுதானா? வீட்டில் என்ன பயிற்சி, எத்தனை தடவை? காலர் போடலாமா?

வெண்ணாறு

நீங்கள் சொன்ன அடையாளங்கள் கழுத்துத் தலைவலியைத்தான் காட்டுகின்றன. பிடரியில் தொடங்குவது, ஒரே பக்கமாக நிற்பது, கழுத்து திரும்பாதது. ஆனால் மைக்ரேனிலும் கழுத்து பிடிக்கும். அதனால் பிடிப்பை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

கழுத்தில் கோளாறு இருக்க, வலி ஏன் புருவத்தில்? மேல் மூன்று கழுத்து நரம்புகளும், முகத்துக்கு உணர்வு தரும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இரண்டு வாய்க்கால் தண்ணீர் ஒரே மதகில் விழுந்தபிறகு எது எந்த வாய்க்கால் தண்ணீர் என்று பிரிக்க முடியுமா? மூளைக்கும் அதே குழப்பம்தான்.

பிசியோதெரபிஸ்ட் கையால் செய்து பார்க்கும் ஒரு சோதனை உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்து, தாடை நெஞ்சைத் தொடுமளவு கழுத்தை முழுதாக மடக்கி, அந்த நிலையிலேயே தலையை இரு பக்கமும் திருப்புவார்கள். மடக்கியதும் கீழ்க் கழுத்து பூட்டிக்கொள்ளும். மிச்சமிருப்பது முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள மூட்டின் சுழற்சி. நல்ல கழுத்தில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 44 டிகிரி போகும். வலப்பக்கம் 32-க்குக் கீழே நின்றால் அந்த மூட்டுதான் இறுகியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். எக்ஸ்ரேயைவிட இதற்குத்தான் மதிப்பு. தேய்மானம் என்பது நாற்பது தாண்டிய, ஒரு வலியும் இல்லாத கழுத்திலும் ஏராளமாகத் தெரியும்.

காலர் வேண்டாம். வாரக்கணக்கில் போட்டால் ஏற்கெனவே சோம்பிக் கிடக்கும் தசை இன்னும் படுத்துவிடும்.

மாத்திரைக் கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு நாலைந்து நாள் என்றால் மாதம் 16 முதல் 20 நாள். சாதாரண வலி மாத்திரையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போனால், மாத்திரையே தலைவலியைப் பிடித்துவைக்கும். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கலவை மாத்திரையாக இருந்தால் 10 நாளே போதும். மருத்துவரிடம் இதைச் சொல்லிக் குறைக்காமல் எந்தப் பயிற்சி செய்தாலும் பாதிப் பலன்தான்.

குடமுருட்டி

பயிற்சிக்கு முன்னால் ஒன்று. திடீரென இடி விழுந்தமாதிரி வந்த தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, நடை தள்ளாட்டம், கை பலமிழந்து தறி நாடாவோ சட்டைப் பொத்தானோ பிடிக்க முடியாமை, ஐம்பதுக்கு மேல் புதிதாக வந்து நெற்றிப்பொட்டைத் தொட்டாலே வலிப்பது, இதில் ஒன்று இருந்தாலும் பிசியோ பக்கம் போகாமல் நேரே மருத்துவமனை. முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) உள்ளவர்கள் மேல்கழுத்தில் யாரையும் கை வைக்க விடக் கூடாது.

சலூனில் தலைக்கு எண்ணெய் தட்டிவிட்டுக் கழுத்தைச் சொடுக்கிவிடுவார்களே, அதுவும் கூடாது. வேகமாக முறுக்கும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதத்தில் முடிந்ததுண்டு. அபூர்வம்தான், ஆனால் எதற்கு அந்தச் சூதாட்டம்?

வெண்ணாறு

சரியான நேரத்தில் சொன்னீர்கள். இனி பயிற்சி.

தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கணும். தலைக்கடியில் மட்டும் இரண்டு செ.மீ. உயரத்துக்குத் துண்டை மடித்து வையுங்கள். உதடு மூடி, பல் ஒட்டாமல், நாக்கு மேலண்ணத்தில். இப்போது "ம்" என்று ஆமோதிப்பதுபோல் தாடையை மிகக் கொஞ்சமாக உள்ளே அசைத்து 10 விநாடி நிறுத்தணும். 10 தடவை, காலை மாலை. 10 விநாடி தாங்காவிட்டால் ஐந்தில் தொடங்கலாம்.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான்: பலம் போடுவது. தலை துண்டை விட்டு எழும்பக் கூடாது. காதுக்குப் பின்னாலிருந்து காரை எலும்புக்கு இறங்கும் கயிறுபோன்ற தசைமேல் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். அது புடைத்தால் மேல்தசை வேலை செய்கிறது, உள்தசை தூங்குகிறது என்று அர்த்தம். அசைவைப் பாதியாகக் குறையுங்கள். பயிற்சி மாதிரியே தெரியவில்லையே என்பார்கள். அப்படித் தெரியாமல் இருந்தால்தான் சரி.

கூடவே தோள்பட்டை. உட்கார்ந்தபடி தோள்பட்டை எலும்புகளை லேசாகப் பின்னும் கீழுமாக இழுத்து 10 விநாடி, 10 தடவை. இரண்டு வாரம் கழித்து எலாஸ்டிக் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி முழங்கையைப் பின்னால் இழுக்கலாம். நொச்சி ஒத்தடம் கொடுப்பதானால் பயிற்சிக்கு முன் 15 நிமிடம். தசை இளகும், அவ்வளவே. மூட்டை அது திறக்காது. கரண்டின் கதையும் அதுதான்.

அரசலாறு

மிக்க நன்றிங்க. துண்டைக் கழுத்தில் போட்டு இழுக்கிற பயிற்சி ஒன்றை வீடியோவில் பார்த்துச் செய்தார், வலி கூடிவிட்டது. அதை விட்டுவிடலாமா?

வெண்ணாறு

விட வேண்டாம், கை மாறியிருக்கும். அதிகம் தப்பாவது இதில்தான்.

ஈரிழைத் துண்டே நல்லது, கரை அழுத்தமாக இருக்கும். அந்தக் கரை மண்டையோட்டு விளிம்புக்குச் சற்றுக் கீழே பிடரியில் பதியணும். வலப்பக்கம் திரும்புவதுதானே சிரமம்? அப்படியானால் இடப்பக்கம் தொங்கும் முனையை வலது கையால் பிடித்து, இடக் கன்னத்தை ஒட்டி முன்னால் கொண்டுவரணும். வலப்பக்க முனையை இடது கை நெஞ்சோடு அழுத்திப் பிடிக்கும், அது நங்கூரம். வலது கை துண்டைக் கிடைமட்டமாக முன்னால் இழுத்தபடியே இருக்க, தலை மெதுவாக வலப்பக்கம் திரும்பணும். கடைசியில் 3 விநாடி. தலை நடுவுக்கு வந்த பிறகுதான் பிடியைத் தளர்த்தணும். இரண்டே தடவை, காலை மாலை.

இடப்பக்கம் முன்னால் போனால்தானே முதல் எலும்பு வலப்பக்கம் சுழலும். வலப்பக்கத் துண்டை இழுத்தால் திரும்பும் எலும்பை எதிர்த்திசையில் இழுக்கிறோம். கீழ்நோக்கி இழுத்தாலும் மூட்டு நசுங்கும். சரியாக வைத்தால் வலியே இருக்காது. வலித்தால் கரையை அரை விரல் மேலோ கீழோ நகர்த்துங்கள். அப்போதும் வலித்தால் நேரில் காட்டாமல் தொடரக் கூடாது. முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் கண்முன் செய்வது உத்தமம். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம்.

குத்தாலம்காரன்

கழுத்தைப் பற்றியே பேசுகிறோம், தறியை யாரும் பார்க்கலையே. 47 வயது. கிட்டப் பார்க்கிற கண்ணாடி இருக்கிறதா? வெள்ளெழுத்து வந்தபிறகு அறுந்த இழையைத் தேட முகத்தைத் துணியருகே கொண்டுபோவார்கள், தாடை முன்னால் நீளும், பிடரி மடங்கும். கடையில் தரும் படிக்கிற கண்ணாடி ஒன்றேகால் அடி தூரத்துக்கானது. உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கும் நெசவு விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, அந்த எண்ணைச் சொல்லிக் கண்ணாடி வாங்குங்கள். இருபார்வைக் கண்ணாடியில் கீழ்ச்சில்லு வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கினால் அதுவும் பிடரிக்குப் பகை.

விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவர் நிழலே துணியில் விழும், இன்னும் குனிவார். முன்பக்கம் இழைக்கு மேலே தொங்கவிடணும். அரை மணிக்கு ஒரு தடவை கையை எடுத்து, நேரே நிமிர்ந்து, இருபுறமும் மூன்று மூன்று தடவை திரும்பினால் போதும்.

இலவம்பஞ்சுத் தலையணை கட்டி கட்டியாக இருந்தால் அடித்துப் போடுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது மூக்கும் நெஞ்செலும்பும் ஒரே கோட்டில் இருக்கணும்.

அரசலாறு

கண்ணாடியே இல்லை அண்ணே! எத்தனை நாளில் குணம் தெரியும்?

வெண்ணாறு

2002-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 200 பேரை எடுத்துக்கொண்டு ஆறு வாரம் சிகிச்சை கொடுத்தார்கள். கைச்சிகிச்சைக்கும் இந்த மென்பயிற்சிக்கும், தனியாகவும் சேர்த்தும், ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. ஆறு வாரத்தைக் கெடுவாக வையுங்கள். காலண்டரில் தலைவலி வந்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம். ஞாயிறுதோறும் நேரே உட்கார்ந்து வலப்பக்கம் திரும்பச் சொல்லி, தாடைக்கும் தோள்முனைக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று பார்த்து அதையும் எழுதுங்கள். மூன்றாவது ஞாயிறும் அதே விரல்தான் என்றால் துண்டு சரியாகப் பதியவில்லை. அந்தக் காலண்டர் தாளோடு பிசியோவிடம் போங்கள்.