விளம்பரத்தில் நாலரை சென்ட், பட்டாவில் 3.9 சென்ட். டோக்கன் கொடுத்தாயிற்று, இனி என்ன செய்வது?

ஊருக்குத்_திரும்புகிறவன்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். ஓசூரில் எங்களோடு வந்து இருங்கள் என்றால் கேட்கவில்லை, பாளையங்கோட்டையை விட்டு வரமாட்டேன் என்கிறார். அதனால் அவருக்கு வந்த பணத்தோடு நான் கொஞ்சம் கடன் வாங்கி வீடு பார்க்கலாம் என்று இறங்கினோம். இணையத்தில் ஒரு விளம்பரம்: பெருமாள்புரம், நாலரை சென்ட், 1,650 சதுர அடி வீடு, 30 அடி ரோடு, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல், தாமிரபரணித் தண்ணீர், 62 லட்சம். அப்பாவும் மாமாவும் போய்ப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது, இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருகிறது என்று புரோக்கர் அவசரப்படுத்தவும் அங்கேயே 50,000 ரூபாய் டோக்கன் அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் நான் டேப்போடு போனேன். முதலில் அது பெருமாள்புரமே இல்லை. அதையும் தாண்டி நான்கு வழிச் சாலைப் பக்கம், மாநகராட்சி எல்லைக்கு வெளியே, வீட்டுத் தீர்வை ஊராட்சிக்குக் கட்டுகிறார்கள். கீழே 860 சதுர அடி, மாடியில் 420, ஆக 1,280தான் வீடு. போர்டிகோ, பால்கனி, படிக்கட்டுக் கூண்டு, மொட்டை மாடியில் போட்ட தகரக் கொட்டகை எல்லாவற்றையும் சேர்த்தால்தான் 1,650 வருகிறது. ரோடு 23 அடி. தண்ணீர்க் குழாய் தெருவில் போகிறது, வீட்டுக்கு இணைப்பு இல்லை, போர் தண்ணீர் உப்பு. பட்டாவில் 1.58 ஏர் என்று இருக்கிறது. கணக்குப் போட்டால் 3.9 சென்ட்.

புரோக்கரிடம் கேட்டேன், விளம்பரத்தில் எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள் என்கிறார். அம்மாவுக்கு அந்த வீடு மனதில் பதிந்துவிட்டது. விட்டுவிடலாமா, விலை குறைத்துக் கேட்கலாமா? எனக்குத் தூக்கமே வரவில்லை.

சங்கிலி_அளவு:

தம்பி, முதலில் டேப் பிடித்தீர்களே, அதற்கே பாராட்டவேண்டும். பெரும்பாலான ஆட்கள் கிரயம் முடிந்து, காம்பவுண்டு கட்டும்போதுதான் அளக்கிறார்கள்.

உங்கள் கணக்கு சரிதான். ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர். 158 சதுர மீட்டர் சுமார் 1,700 சதுர அடி, ஒரு சென்டுக்கு 435.6 என்று வகுத்தால் 3.9. ஆனால் பட்டாவை மட்டும் வைத்து விற்பவரைப் பொய்யர் என்று முடிவு கட்டாதீர்கள். பழைய பத்திரத்தில் நாலரை என்று எழுதியிருக்கும், பிறகு பாதைக்கு ஒரு கீற்று விட்டிருப்பார்கள், உட்பிரிவு செய்து அளந்தபோது குறைந்திருக்கும், பத்திரத்தை மட்டும் பார்த்து அவரும் நம்பிக்கொண்டிருப்பார். இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். மூலப்பத்திரத்தில் சக்குபந்தியும் (நான்கு பக்கமும் எல்லையாக என்ன இருக்கிறது என்ற விவரம்) நான்கு பக்க நீளமும் என்ன சொல்கிறது, எஃப்எம்பி என்கிற அரசு நில அளவை வரைபடத்தில் என்ன இருக்கிறது, தரையில் கல் எங்கே நிற்கிறது, இந்த மூன்றும் ஒன்றாக வரவேண்டும். பட்டா, அ-பதிவேடு (ஊரின் நில விவரப் பதிவேடு), வரைபடம் எல்லாம் அரசு இணையதளத்திலேயே சர்வே எண் கொடுத்தால் பார்க்கலாம். அ-பதிவேட்டில் நன்செய், புன்செய், நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) எது என்றும் பாருங்கள். தாலுகா சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பம் போடவேண்டும், அதனால் விற்பவர் மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு பதில்.

டிடிசிபி அப்ரூவல் என்பது மனைப்பிரிவுக்கு. வீட்டு வரைபட அனுமதி வேறு, அதையும் தனியாகக் கேளுங்கள். மனைப்பிரிவே அனுமதி இல்லாததாக இருந்து அரசின் 2017 திட்டத்தில் வரன்முறை செய்து பிறகு அனுமதி வாங்கியிருந்தால் அந்த உத்தரவு கையில் இருக்கவேண்டும். அந்தத் திட்டம் 20.10.2016-க்கு முந்தைய மனைகளுக்குத்தான். ரோட்டு அகலத்தையும் மனைப்பிரிவு வரைபடத்திலேயே பார்த்துவிடலாம்.

விலைக்கு வருவோம். அந்தப் பக்கம் சென்ட் என்ன சொல்கிறார்கள்?

ஊருக்குத்_திரும்புகிறவன்:

ஏழு லட்சம் என்று புரோக்கரே சொன்னார், அண்ணாச்சி.

சங்கிலி_அளவு:

சரி, அவர் சொன்ன விலையிலேயே போடுவோம். நாலரை சென்டுக்கு 31.5 லட்சம். மீதி 30.5 லட்சம் 1,650 சதுர அடிக்கு, அதாவது சதுர அடிக்கு சுமார் 1,850. இப்போது உண்மை அளவைப் போடுங்கள்: மனை 27.3, வீடு 1,280 சதுர அடிக்கு 23.7. போர்டிகோ, பால்கனி, கொட்டகை 370 சதுர அடிக்குப் பாதி விலை கொடுத்தாலும் 3.4. மொத்தம் 54.4 லட்சம். அவர் விலையை நான் குறைக்கவே இல்லை, அளவை மட்டும் திருத்தியிருக்கிறேன். வங்கிக் கடன் என்றால் இன்னொன்று: வங்கி அனுப்பும் இன்ஜினியர் விளம்பரத்தைப் பார்க்கமாட்டார், அனுமதி வரைபடத்தையும் கட்டடத்தையும்தான் பார்ப்பார். மதிப்பு குறைந்தால் கடனும் குறையும், மீதியை உங்கள் அப்பா கையிலிருந்துதான் போடவேண்டிவரும். பத்திரச் செலவு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் வேறு இருக்கிறது.

சிந்துபூந்துறை_அக்கா:

சென்ட் கணக்கை அண்ணாச்சி சொல்லிவிட்டார், நான் தண்ணீர்க் கணக்கைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18-ல் ஆற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அரிசி, பீரோ, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கம் எத்தனை வீடுகளுக்குச் சுவரில் புதுப் பெயின்ட் அடித்து "வெள்ளம் வராத இடம்" என்று விளம்பரம் போட்டிருக்கிறார்கள், பார்க்கும்போது வயிறு எரிகிறது.

உங்கள் இடம் ஆற்றங்கரை இல்லை என்றாலும் கேளுங்கள் தம்பி. இந்த ஊரில் ஆறு மட்டுமா, பாளையங்கால்வாய் இருக்கிறது, குளம் இருக்கிறது, குளத்துக்குப் போகிற ஓடை இருக்கிறது, ஓடையை மறித்து மனை போட்டால் மழைக்குத் தண்ணீர் தன் பாதையைத் தேடி வரத்தான் செய்யும். விற்பவரிடமோ புரோக்கரிடமோ கேட்காதீர்கள். பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவரிடமும், பத்து வருஷமாகக் குடியிருக்கிற ஒரு பெரியம்மாவிடமும் கேளுங்கள். குடிநீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, புது இணைப்பு கொடுக்கிறார்களா என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடலாம். காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை போய்ப் பாருங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள், அந்த உப்புத் தண்ணீரில் துணி துவைக்கப்போவது அவர்கள்தானே.

கிரய_ஒப்பந்தம்:

சட்டம் பக்கம் ஒரு வார்த்தை. பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் பில்டரிடம் வாங்கியிருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 12-வது பிரிவில் தவறான விளம்பரத்துக்கு நஷ்டஈடு கேட்க வழி இருக்கிறது. தனி ஆள் தன் பழைய வீட்டை விற்கும்போது அது உதவாது. ஒப்பந்தச் சட்டத்தில் தவறான தகவலை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று இருக்கிறது. ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் பெரும்பாலும் அந்த உரிமை போய்விடும் என்று 19-வது பிரிவிலேயே விதிவிலக்கும் இருக்கிறது. டேப் வைத்து அளந்தால் தெரிகிற விஷயத்துக்குப் பிறகு கோர்ட்டுக்குப் போவது கஷ்டம். அதனால் இப்போதே, ஒப்பந்தம் போடும் முன்பே சண்டையை முடித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: விளம்பரத்தில் இன்னது, பட்டாவில் இன்னது, அளந்ததில் இன்னது, டோக்கன் அனுப்பிய தேதி இன்னது. பதில் எழுத்தில் வரட்டும். ஒப்பந்தம் போட்டால் அளந்த அளவையே சொத்து விவரத்தில் எழுதி, சர்வேயில் அதற்கும் குறைந்தால் சென்டுக்கு இவ்வளவு கழிக்கப்படும், பத்திரத்தில் வில்லங்கம் வந்தால் முன்பணம் முழுதும் இத்தனை நாளில் திரும்பும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றை 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

ஊருக்குத்_திரும்புகிறவன்:

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. புரோக்கரை விட்டுவிட்டு விற்பவரிடமே நேரில் போனேன். அவர் வயதானவர், விளம்பரத்தை அவர் பார்த்ததே இல்லை. என் போனில் காட்டினேன், 1,650 என்பதை இரண்டு தடவை வாசித்தார். பழைய பத்திரத்தில் நாலரை என்றுதான் இருக்கிறது, கிழக்குப் பக்கம் ரோட்டுக்கு விட்டதை அவரே சொன்னார். சர்வேக்கு விண்ணப்பம் போடச் சம்மதித்துவிட்டார். மனைப்பிரிவு வரைபடத்தில் ரோடு 23 அடிதான், அப்ரூவல் எண் இருக்கிறது. 54 லட்சத்து 40 ஆயிரம் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன், மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை.

அக்கா, நீங்கள் சொன்னபடி அம்மாவைக் கூட்டிப்போய்ப் பக்கத்துத் தெருவில் கேட்டோம். அந்த டிசம்பரில் ரோட்டில் முழங்கால் அளவு நின்றதாம், வாசற்படி ஏறவில்லையாம். அம்மா நடைபோட்டு அந்த வீட்டுப் படிகளை எண்ணிப் பார்த்தார்கள், நாலு படி.