லினக்ஸ் மின்ட்டில் ஃபயர்ஃபாக்ஸ் திக்கித் திக்கி ஓடுகிறது, யூடியூபில் ஃபிரேம் டிராப்: எங்கே பார்ப்பது?

கேள்வி:
லேப்டாப் ஐ5-8250யூ, யூஎச்டி 620, 8 ஜிபி ரேம். லினக்ஸ் மின்ட் 21. ஸ்க்ரோல் செய்தாலே பக்கம் வெட்டி வெட்டி நகர்கிறது, மேப் தளங்களில் இன்னும் மோசம். யூடியூபில் 1080பி60 ஓடவிட்டால் எல்லா கோரும் 90%ஐத் தொடுகின்றன. அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் ‘காம்போசிட்டிங்’ வரியில் ‘வெப்ரெண்டர் சாஃப்ட்வேர்’ (அதாவது பக்கத்தை ஜிபியு இல்லாமல் சிபியுவே வரைகிறது) என்று இருக்கிறது. அபவுட்:கான்ஃபிக்கில் ஜிஎஃப்எக்ஸ்.வெப்ரெண்டர்.ஆல் என்பதை ட்ரூ ஆக்கியும் பலனில்லை. வேறு எந்த செட்டிங்கை மாற்றணும்?

பதில் 1:
இப்போதைக்கு பிரௌசரில் எதையும் மாற்றாதீங்க. மெசா-யூட்டில்ஸ் பேக்கேஜை நிறுவி, டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை -பி சேர்த்து ஓட்டுங்க. ‘ஓப்பன்ஜிஎல் ரெண்டரர்’ வரியில் இன்டெல் யூஎச்டி 620 என்று வரணும். எல்எல்விஎம்பைப் என்று வந்தால் மொத்த டெஸ்க்டாப்பையுமே சிபியு தான் வரைகிறது, ஃபயர்ஃபாக்ஸ் மேல் தப்பில்லை.

இதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது நோமோட்செட் (கிராஃபிக்ஸ் டிரைவரைத் தடுக்கும் பூட் ஆப்ஷன்). இன்ஸ்டால் செய்யும்போது ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ வழியாகப் போனால் இந்த ஆப்ஷன் சேரும். அது கிரப்பிலும் (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர்) தங்கிவிட்டால் இன்டெல்லின் ஐ915 டிரைவர் லோடே ஆகாது. பிரைட்னஸ் கீ வேலை செய்யவில்லை, எச்டிஎம்ஐ மானிட்டர் தெரியவில்லை என்றால் கிட்டத்தட்ட உறுதி. ப்ராக் ஃபோல்டரில் உள்ள சிஎம்டிலைன் ஃபைலைத் திறந்தால் அந்தச் சொல் கண்ணில் படும்.

இருந்தால், ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற ஃபைலை சுடோவுடன் திறங்க. ‘கொயட் ஸ்பிளாஷ்’ உள்ள வரியில் நோமோட்செட்டை மட்டும் எடுங்க, மேற்கோள் குறிகளைத் தொடாதீங்க. அடுத்து சுடோ அப்டேட்-கிரப், பிறகு ரீபூட்.

வெப்ரெண்டர்.ஆல் செட்டிங்கையும் ரீசெட் செய்யுங்க. பிரச்சினையுள்ள டிரைவர்களைத் தடுக்க ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருக்கும் பட்டியலை அது மீறிவிடும்.

கேட்டவர்:
நோமோட்செட் தான். எடுத்துவிட்டேன், இப்போது வெறும் ‘வெப்ரெண்டர்’ என்றே வருகிறது, ஸ்க்ரோல் வழுக்கிக்கொண்டு போகிறது. மிக்க நன்றி! ஆனால் 1080பி60 வீடியோவுக்கு சிபியு இன்னும் 60% போகிறது.

பதில் 2:
பக்கத்தை வரைவதும் வீடியோவை டிகோட் செய்வதும் (சுருக்கிய வீடியோவை விரிப்பது) வேறு வேறு வேலைகள். சிப்பில் டிகோடிங்குக்குத் தனிப் பகுதி உண்டு, அது இன்னும் சும்மா இருக்கிறது. வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்து கோடெக்ஸ் (வீடியோவைச் சுருக்கிய முறை) வரியைப் பாருங்க. ஏவி01 (அதாவது ஏவி1) என்று இருந்தால் காரணம் அதுதான். இன்டெல் பிராசஸர்களில் ஏவி1 டிகோடிங் 11ஆம் தலைமுறை டைகர் லேக்கில்தான் வந்தது, உங்களுடையது 8. அபவுட்:கான்ஃபிக்கில் மீடியா.ஏவி1.எனேபிள்டு என்பதை ஃபால்ஸ் ஆக்கி வீடியோவை ரீலோட் செய்தால் விபி09 (அதாவது விபி9) வரும். அதை யூஎச்டி 620 தானே டிகோட் செய்யும்.

அடுத்து விஏஇன்ஃபோ (சிப் எந்த கோடெக்கை டிகோட் செய்யும் என்று காட்டும் கட்டளை) ஓட்டுங்க. விபி9 ப்ரொஃபைல்0 வரிக்கு நேரே விஎல்டி (டிகோடிங் உண்டு என்பதன் அடையாளம்) இருக்கணும். இல்லையென்றால் இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர் பேக்கேஜ் விட்டுப்போயிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 115இலிருந்து இன்டெல்லுக்கு சிப் வழி டிகோடிங் தானாகவே ஆன், தனியாக எதுவும் போட வேண்டாம்.

சரிபார்க்க இன்டெல்-ஜிபியு-டூல்ஸ் பேக்கேஜிலுள்ள இன்டெல்_ஜிபியு_டாப் கட்டளையை சுடோவுடன் ஓட்டுங்க. வீடியோ ஓடும்போது ‘வீடியோ’ வரியின் பட்டை அசையணும். 0.00 என்றே நின்றால் வேலை இன்னும் சிபியுவில்தான்.

பதில் 3:
பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்காக: 4ஆம் தலைமுறை ஹாஸ்வெல்லில் விபி9 டிகோடிங்கும் இல்லை. அதற்கு ஐ965 டிரைவரைப் போட்டு, எச்264ஐஃபை எக்ஸ்டென்ஷனால் யூடியூபிடம் எச்.264 (பழைய கோடெக்) கேட்க வைக்கணும். யூடியூபில் எச்.264 1080பி வரைதான், 1440பி வேண்டுமென்றால் இந்த வழி உதவாது.

ஃபயர்ஃபாக்ஸை ஃபிளாட்பேக்காக (சிஸ்டத்திலிருந்து பிரித்து ஓடும் பேக்கேஜ்) நிறுவியிருந்தால் வெளியே ஓட்டும் விஏஇன்ஃபோவை நம்பாதீங்க. அது பயன்படுத்தும் டிரைவர் ஃபிளாட்பேக் ரன்டைமுக்குள் தனியாக இருக்கிறது.

கேட்டவருக்கு இன்னொன்று: 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருக்கிறதா? யூஎச்டி 620க்குத் தனி மெமரி கிடையாது, சிபியுவுடன் பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-2400 ஒரு ஸ்டிக்கில் நொடிக்கு 19.2 ஜிபி, இரண்டில் 38.4. மேப் தளங்கள் இன்னும் இழுத்தால், காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்க.