பரிசு அறிவித்த பிறகு ஆர்வம் என்ன ஆகிறது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

வாசிப்பு வட்டத் தன்னார்வலர்:

வணக்கம் நண்பர்களே. ஒரு வேலையை அதன் மேலுள்ள விருப்பத்தாலேயே செய்வது அக ஊக்கம். பரிசு, மதிப்பெண், சம்பளம், தண்டனை என்று வெளியிலிருந்து வருவதற்காகச் செய்வது புற ஊக்கம். புத்தகத்தில் இரண்டும் தனித்தனி வரியில் அமைதியாக இருக்கும். நேரில் பார்த்தால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும். நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன்.

குழந்தைகளுக்கான வாசிப்பு வட்டம் ஒன்றில் உதவி செய்கிறேன். நான் சேர்வதற்கு முன்பே அங்கே ஒரு திட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு புத்தகம் முடித்தால் ஒரு நட்சத்திரம், நட்சத்திர அட்டை நிரம்பினால் பரிசு. கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அலமாரிப் பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும். ஒன்பது வயதுப் பையன் ஒருவன், புத்தகத்தை எடுத்ததும் தலைப்பைக்கூடப் பார்க்க மாட்டான். நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டி எண்ணைப் பார்ப்பான். பெரிய எண் என்றால் திரும்பச் செருகிவிடுவான். டைனோசர் என்றால் உயிரையே விடும் பிள்ளை அவன். ஒருநாள் டைனோசர் பற்றிய தடித்த புத்தகம் கையில் கிடைத்தது. நின்றபடியே படங்களைப் பார்த்தான், ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்தான். அப்புறம் என்னிடம் வந்து, “இதுக்கும் ஒரே ஸ்டார்தானா அக்கா?” என்றான். ஆமாம் என்றேன். அதை வைத்துவிட்டு மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான்.

அவனைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். திட்டம் எண்ணிக்கையைக் கேட்டது, அவன் எண்ணிக்கையைக் கொடுத்தான்.

இதையொட்டி 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம் “வரைந்தால் சான்றிதழ் உண்டு” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து விளையாட்டு நேரத்தில் அதே பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளின் ஆசை குறையவில்லை. அந்த வித்தியாசம்தான் என்னை விடாமல் யோசிக்க வைக்கிறது. இரண்டு குழுவுக்கும் ஒரே சான்றிதழ்தானே?

உங்கள் வாழ்க்கையில் இப்படி நடந்திருக்கிறதா? நேர்மாறாக நடந்திருந்தாலும் எழுதுங்கள்.

மரச்சிற்பம் செய்பவர்:

பிள்ளைகள் விஷயம் எனக்குத் தெரியாது. என் கை விஷயம் தெரியும், அதைச் சொல்கிறேன்.

பல வருடம் பொழுதுபோக்காகச் செதுக்கியவன் நான். பிறகு ஆட்கள் கேட்டு வர ஆரம்பித்தார்கள், காசு வாங்க ஆரம்பித்தேன். “காசு வந்தால் கலை போய்விடும்” என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் போகவில்லை. ஆனால் சில வேலைகளில் மட்டும் கை கனத்துப்போகும். ஏன் என்று புரியவே நெடுநாள் ஆயிற்று.

ஒரே மாதத்தில் வந்த இரண்டு வேலைகளைச் சொல்கிறேன். இரண்டும் யானை, கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே கூலி. முதலாமவர் படம் அனுப்பினார். தும்பிக்கை இந்தக் கோணத்தில், காது இத்தனை அங்குலம், தினமும் சாயங்காலம் போட்டோ அனுப்ப வேண்டும் என்றார். இரண்டாமவர், “உங்களுக்குத் தோன்றுகிற யானை போதும்” என்று சொல்லிவிட்டு ஒரு மரத்துண்டைக் கொடுத்தார். அந்தத் துண்டில் ஒரு முடிச்சு இருந்தது. சாதாரணமாக முடிச்சு விழுந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுவேன், உளி வழுக்கும். அன்று அந்த முடிச்சையே கண்ணாக வைத்து, அதைச் சுற்றி இழை எப்படி வளைந்து போகிறதோ அப்படியே நெற்றியைக் கொண்டுபோனேன். யாரும் பார்க்காத அடிவயிற்றுக்கும் உப்புத்தாள் போட்டேன். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. முதல் யானையும் நன்றாகத்தான் வந்தது, குறை சொல்ல முடியாது. அதற்கு அப்படி ஒரு பொழுது மட்டும் வாய்க்கவில்லை.

இரண்டிலும் கூலி ஒன்றுதான் என்பதால், பணத்தின் மேல் பழி போட எனக்கு மனமில்லை. முடிவு எடுக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்பதில்தான் வேறுபாடு. உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும் வளர்த்த சுயநிர்ணயக் கோட்பாடு மனிதனுக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறது: தன் விருப்பப்படி இயங்குவது, திறமை வளர்வதை உணர்வது, பிறரோடு பிணைந்திருப்பது. முதல் யானையில் எனக்குத் திறமை இருந்தது, கூலி இருந்தது, அந்த முதலாவது மட்டும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல ஆசை. 1950 வாக்கில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் குரங்குகளிடம் கொக்கி, ஊசி, தாழ் பொருத்திய பலகையைக் கொடுத்தார். உணவு எதுவும் காட்டவில்லை. அவை தாமாகவே திறந்து பழகி, திரும்பத் திரும்பத் திறந்தன. கைக்கு ஒரு சவால் கிடைப்பதே போதுமான கூலி என்பது குரங்குக்கே தெரிந்திருக்கிறது. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கிடங்கில் சரக்கு எண்ணுபவர்:

எல்லாம் சரி. ஆனால் எல்லா வேலைக்கும் ஆசை வராது. நான் பார்ப்பது பெட்டி எண்ணுகிற வேலை. பிழையில்லாமல் முடித்தால் ஊக்கத்தொகை என்று நிர்வாகம் அறிவித்தது. பிழை குறைந்தது, எங்களுக்கும் திருப்தி. அதற்கு முன் பெட்டி எண்ணுவதில் யாருக்கும் காதல் இருந்ததில்லை, அதனால் கெட்டுப்போகவும் ஒன்றும் இல்லை. 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரையன் மூவரும் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், சுவாரசியம் இல்லாத வேலைகளில் பரிசு ஆர்வத்தைக் குறைக்கவில்லை என்றுதான் கண்டார்கள். கூலிக்காக உழைப்பவரைத் தாழ்வாகப் பேசாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

இசை ஆசிரியை:

மேலே எழுதிய தம்பி சொல்வது நியாயம். நான் பாராட்டைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பாராட்டும் ஒரு பரிசுதான். ஆனால் அதே 1999 தொகுப்பில், நல்ல வார்த்தை பெரும்பாலும் ஆர்வத்தைக் கூட்டியது என்று வருகிறது. பெரும்பாலும், எப்போதும் இல்லை.

என் மாணவி ஒருத்திக்கு வீட்டில் கிடைக்கும் பாராட்டு, “நான் சொன்னபடியே செய்தாய், இப்படித்தான் எப்போதும் இருக்க வேண்டும்.” அதைக் கேட்டதும் அவள் தோள் இறுகும். நான் ஒருநாள், “இரண்டாவது அடியில் மூச்சை எங்கே நிறுத்தினாய் என்று கவனித்தாயா? வரி முழுசாக நின்றது” என்றேன். உடனே அந்த ஒரு அடியை மட்டும் நான் கேட்காமலேயே மறுபடி பாடினாள். மூச்சு நிறுத்தும் இடத்தை மாற்றி மாற்றிப் பாடிப் பார்த்தாள். முதல் பாராட்டு அவளைப் பிடித்து வைத்தது. இரண்டாவது அவளுக்கு ஒரு தகவல் கொடுத்தது, அதை வைத்து அவள் வேலை செய்தாள்.

வாசிப்பு வட்டத்துத் தோழி கேட்ட கேள்விக்கும் எனக்குத் தெரிந்த பதில் இதுதான். முன்கூட்டிச் சொன்ன சான்றிதழ் ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. பிறகு கொடுத்தது வெறும் மகிழ்ச்சி. அது சரி, அந்த நட்சத்திரத் திட்டத்தை நிறுத்தினீர்களா? நிறுத்தியதும் சரியானதா?

வாசிப்பு வட்டத் தன்னார்வலர்:

நிறுத்தினோம் அக்கா. உடனே சரியாகவில்லை. சில பிள்ளைகள், “ஸ்டார் இல்லையா? அப்ப எதுக்கு?” என்று கேட்டு, புத்தகமே எடுக்காமல் போனார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களைப் பற்றி உரி கினீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000-இல் எழுதிய ஆய்வு நினைவுக்கு வந்தது. தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள், தாமதம் அதிகரித்தது. அபராதத்தை நீக்கிய பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரு உறவுக்குள் விலைச்சீட்டு வந்துவிட்டால், சீட்டைக் கிழித்ததும் எல்லாம் மறந்துபோகாது.

எங்களுக்கு உதவியது ஒரு சின்ன அனுமதி. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடலாம், யாரும் கேட்க மாட்டோம் என்று அறிவித்தோம். முன்பெல்லாம் பாதியில் விட்டால் நட்சத்திரம் போய்விடும், அதனால் தடித்ததைத் தொடவே பயம். இப்போது துணிந்து தொடுகிறார்கள். வட்டத்தில் “எத்தனை படித்தாய்?” என்ற கேள்வியை எடுத்துவிட்டோம். யாருக்காவது பிடித்த பகுதி இருந்தால் படித்துக் காட்டலாம். காட்டாவிட்டாலும் சரி.

பரிசை முழுக்க விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுப்பது எனக்குப் பிடிக்கும். அதனால் எப்போதாவது, எதற்கென்று சொல்லாமல், வந்திருக்கும் எல்லோருக்கும் ஏதாவது கொடுக்கிறோம். ஒரே ஒரு கட்டுப்பாடு: அதற்கென்று ஒரு நாளைக் குறித்து வைப்பதில்லை. குறித்தால் அடுத்த முறை அந்த நாளுக்காக வருவார்கள்.