இயேசு கடவுளா, கடவுளோட மகன் மட்டுமா? சுங்கை சிப்புட் தோட்டத்து வாக்குவாதம்

லயத்துப் பையன்:
வணக்கம். போன வாரம் எங்க தோட்டத்துல ஒரு துக்க வீடு. ஜெபம் ஆரம்பிக்கும்போது எல்லாரும் பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு சிலுவை போட்டாங்க, நான் கைய கட்டிட்டு சும்மா நின்னேன், அவ்ளோதான். அதுக்கு பந்தல்லயே ரெண்டு பெரியவங்க இவன் இயேசுவையே மறுதலிச்சுட்டான்னு சொல்லிட்டாங்க, அம்மா ராத்திரி முழுக்க அழுதாங்க. நான் மறுதலிக்கல. அவர் மேசியா, தேவனோட குமாரன், செத்து உயிர்த்தவர், எல்லாத்தையும் நம்புறேன். ஆனா அவரே சர்வவல்லவர்னு பைபிள்ல எங்க இருக்கு? யோவான் 14:28ல "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்"னு அவரே சொல்றாரு. மாற்கு 13:32ல உலகம் முடியுற அந்த நாள் பிதாவுக்கு மட்டும்தான் தெரியும், குமாரனுக்கும் தெரியாதுங்கிறாரு. ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியலன்னா ரெண்டு பேரும் எப்படி சமம்? இயேசுவும் பிதாவும் சமம்ங்கிறது 325ல நைசியா ஊருல ரோம ராஜா கான்ஸ்டன்டைன் பிஷப்புங்கள கூட்டி வச்சு போட்ட சட்டம்தானே.

கோயில்பிள்ளை மகன்:
தம்பி, துக்க வீட்டுல உன்னை அப்படிப் பேசுனது தப்பு, அத மொதல்ல சொல்லிடுறேன். இப்ப நைசியாவுக்கு வருவோம். ராஜா கட்டாயப்படுத்தி இயேசுவ கடவுளாக்கிட்டாருன்னா அதுக்கப்புறம் நடந்தத எப்படி விளக்குவ? அதே கான்ஸ்டன்டைன் 337ல சாகப்போற நேரத்துல யார்கிட்ட ஞானஸ்நானம் வாங்குனாரு தெரியுமா, நிக்கோமேதியா பிஷப் யூசேபியுஸ்கிட்ட, அவரு இயேசு படைக்கப்பட்டவர்தான்னு சொன்ன ஆரியுஸுக்கு ஆதரவா நின்ன ஆளு. அடுத்து வந்த கான்ஸ்டான்ஷியஸ் ராஜாவும் ஆரியுஸ் கட்சிக்காரங்க பக்கம்தான். நைசியா முடிவ காப்பாத்துன பிஷப் அத்தனாசியுஸ அஞ்சு தடவ நாடு கடத்துனாங்க. அரண்மனை பலம் ரொம்ப வருஷம் அந்தப் பக்கம் இருந்தும் இந்த விசுவாசம் அழியல. ஏன்னா அது 325ல பொறந்ததே இல்ல.

சுமார் 112ல பித்தினியாங்கிற ரோம மாகாணத்து கவர்னர் பிளினி, திராயான் பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதுறாரு. கிறிஸ்தவங்க ஒரு குறிப்பிட்ட நாள்ல விடியறதுக்கு முன்னாடி கூடி, கிறிஸ்துவ ஒரு கடவுளா நெனச்சு பாட்டு பாடுறாங்கன்னு அதுல இருக்கு. அந்த ஆளுக்கு நம்ம சாமி மேல ஒரு பாசமும் கெடையாது, விசாரிச்சு தெரிஞ்சத எழுதுறாரு. நைசியா ஊரு அதே பித்தினியாவுலதான் இருக்கு. அங்க பிஷப்புங்க கூடுறதுக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே ஜனங்க பாடிட்டு இருந்திருக்காங்க.

மாரியம்மன் தெரு:
அண்ணே நான் இந்து, தப்பா எடுத்துக்காதீங்க, வருஷா வருஷம் ஜூலை மாசம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு நாங்களும் குடும்பத்தோட மெழுகுவர்த்தி ஏத்தப் போறவங்கதான். இது நம்ம அவதாரம் மாதிரிதானே, ஒரே சாமி மூணு வேஷத்துல வர்றது?

செம்பனை அக்கா:
எங்க மெத்தடிஸ்ட் ஞாயிறு பள்ளியில தண்ணி, ஐஸ், ஆவின்னு சொல்லிக் குடுப்பாங்க. ஒரே பொருள், மூணு நிலை.

கோயில்பிள்ளை மகன்:
அக்கா, நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா அது மூணாம் நூற்றாண்டுலயே சபெல்லியுஸ்ங்கிற போதகர் சொன்னதுக்குப் பக்கத்துல போயிடுது, திருச்சபை அத தப்புன்னு தள்ளிடுச்சு. ஒரே ஆளு மூணு வேஷம்னா யோர்தான் ஆத்துல இயேசு ஞானஸ்நானம் வாங்குனப்ப என்ன நடந்துச்சு? இயேசு தண்ணியில நிக்கிறாரு, ஆவியானவர் புறா மாதிரி எறங்குறாரு, பிதாவோட குரல் வானத்துலேருந்து கேக்குது, எல்லாம் ஒரே நேரத்துல. வேஷம்னு சொன்னா சாகறதுக்கு முந்தின ராத்திரி கெத்சமனி தோட்டத்துல அவரு யார்கிட்ட ஜெபம் பண்ணாரு? லயத்துத் தம்பி கேக்குற கேள்விக்கு அப்புறம் பதிலே இருக்காது. மாரியம்மன் தெரு, நீங்க சொன்ன அவதாரம்ங்கிறதும் இதுக்கு ஒத்து வராது. முழு மனுஷனும் அவரே, முழு தேவனும் அவரே, ஒண்ணு இன்னொண்ண முழுங்கலன்னு 451ல கால்சிடோன் சங்கம் சொல்லுது. பசிச்சுது, களைச்சாரு, லாசரு செத்தப்ப அழுதாரு, அந்த நாள் தெரியாதுன்னாரு, இது எல்லாம் நெஜ மனுஷனா வாழ்ந்ததாலதான்.

லயத்துப் பையன்:
அண்ணே, தேவனா அவருக்குத் தெரியும், மனுஷனா தெரியாதுன்னு எந்த வசனத்துலயும் இல்ல, பின்னால வந்தவங்க முடிச்ச அவிழ்க்கறதுக்கு சொன்னது. நைசியாவுல ஆவியானவரப் பத்தி ஒரே வரிதான், விரிவா சொன்னது 381ல கான்ஸ்டான்டினோபிள்ல. அப்ப கொஞ்சம் கொஞ்சமா கட்டுன உபதேசம்னுதானே அர்த்தம். பேதுருவும் பவுலும் இதத் தெரியாமத்தான் செத்தாங்களா?

கோயில்பிள்ளை மகன்:
வார்த்தைகள அடுக்குறதுக்கு நாள் எடுத்துச்சு, உண்மைதான். கும்புடுறதுக்கு நாள் எடுக்கல. நான் சொல்ல வர்றது இந்த ஒண்ணுதான் தம்பி, மத்தத விட்டாலும் இத விடாத. அப்போஸ்தலர் 10ல கொர்நேலியுங்கிற ரோம அதிகாரி பேதுரு கால்ல விழுறான், பேதுரு தூக்கி விட்டு நானும் மனுஷன்தாங்கிறாரு. வெளிப்படுத்தல் 22ல யோவான் தூதன் கால்ல விழுறாரு, தூதன் பதறிப்போயி வேணாம் தேவனத் தொழுதுக்கோங்கிறான். ஆனா உயிர்த்த இயேசுவ பாத்து சீஷன் தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!"ன்னு சொன்னப்ப இயேசு தடுக்கல, இப்பதான் நம்புனியாங்கிறாரு. மனுஷனும் தூதனும் வேணாம்னு ஒதுக்குனத இவரு ஏத்துக்கிட்டாரு. இவரும் படைக்கப்பட்டவர்னா அது எவ்ளோ பெரிய பாவம்?

லயத்துப் பையன்:
1 நாளாகமம் 29:20 பாருங்க, சபையார் கர்த்தரையும் ராஜாவையும் பணிஞ்சாங்கன்னு இருக்கு. தாவீது கடவுளா? தேவன் ஏற்படுத்துனவருக்கு மரியாதை குடுக்கலாம், அதத்தான் நானும் இயேசுவுக்குக் குடுக்குறேன்.

செம்பனை அக்கா:
நல்ல வசனம்தான் ஐயா. ஆனா வெளிப்படுத்தல் 5:13 எடு. வானத்துல பூமியில பூமிக்குக் கீழ கடல்ல இருக்குற எல்லா சிருஷ்டியும், சிங்காசனத்துல இருக்குறவருக்கும் ஆட்டுக்குட்டியானவருக்கும், அதாவது இயேசுவுக்கும், சேத்து ஒரே துதி பாடுது. பாடுற கூட்டத்துல ஆட்டுக்குட்டி இல்லப்பா, வாங்குற எடத்துல இருக்காரு. தாவீத அந்த எடத்துல யாரும் வச்சதில்ல. பிலிப்பியர் 2ல எல்லா முழங்காலும் இயேசுவுக்கு மடங்கும்னு பவுல் எழுதுறது ஏசாயா 45ல கர்த்தர் தனக்குன்னே ஆணையிட்டு சொன்னது. வேற யாருக்கும் இல்லன்னு சொல்ற அதே அதிகாரம் அது.

லயத்துப் பையன்:
அக்கா, பிலிப்பியர் 2:11 வரைக்கும் படிங்க, "பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக"ன்னுதான் முடியுது. 1 கொரிந்தியர் 15:28ல கடைசியில குமாரனே பிதாவுக்குக் கீழ்ப்பட்டிருப்பார்னு அதே பவுல் சொல்றாரு. இத யாரும் எனக்கு வெளக்குனதில்ல. கேட்டா சபைய விட்டுப் போயிட்டியான்னு திருப்பிக் கேக்குறாங்க.

கோயில்பிள்ளை மகன்:
கீழ்ப்படியிறவன் தாழ்ந்த ஜாதின்னு ஆயிடாது தம்பி. அப்பா சொல் கேக்குற மகன் அப்பாவ விட கொறஞ்ச மனுஷனா? பிதா பெரியவர்ங்கிறது ஒழுங்குல, தன்மையில இல்ல. ஆனா நீ கேக்குறது ஞாயமான கேள்வி, ரெண்டு வரியில முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் கோயில் ஹால்ல வேதபாடம் இருக்கு, அக்காவையும் கூப்புட்டிருக்கேன். உன் பைபிளையே எடுத்துட்டு வா, உன்ன யாரும் சிலுவை போடச் சொல்ல மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு.

லயத்துப் பையன்:
வரேன் அண்ணே. 1 கொரிந்தியர் 15லேருந்து ஆரம்பிக்கணும், அம்மாவும் கூட வருவாங்க.