மண்டைக்காடு கடப்புறத்தில் மெட்டல் டிடெக்டர் ஓயாமல் கத்துது, செட்டிங் எப்படி வைக்க?

தக்கலைப்பையன்:
அண்ணன்மாரே, ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை மண்டைக்காடு கோயிலுக்குப் போயிட்டு கடல்ல கால் நனைக்கும்போது அத்தானோட கல்யாண மோதிரம் கழண்டு விழுந்துட்டு. முக்கால் பவுன். கூட்டாளிகிட்ட டிடெக்டர் வாங்கிட்டு வந்தேன். 13 கிலோஹெர்ட்ஸ், ஒரே அலைவரிசை, தரைக்கு மேல வீசுற வட்டு, அதாவது காயில், 11 இன்ச் டிடி வகை. வீட்டு முற்றத்துல 5 ரூபாய் காசை ஒரு சாண் தள்ளி வச்சாலும் பிடிக்குது. கடப்புறத்துல இறங்கினா ஒரே கூப்பாடு. வேண்டாத உலோகத்தைத் தள்ளுற டிஸ்க்ரிமினேஷனை ஏத்தினேன், சத்தம் நின்னுட்டு. ஆனா அக்கா மோதிரத்தை மண்ணுல வச்சுப் பாத்தா அதுக்கும் சத்தமில்ல!

ரேடியோக்கடை:
காய்ஞ்ச மணலா, நனைஞ்ச மணலா? எப்ப கத்துது? காயிலைத் தூக்கி இறக்கும்போதா, பக்கவாட்டுல வீசும்போதா? சென்சிட்டிவிட்டி, அதாவது கருவி உணருற அளவு, எவ்வளவு வச்சிருந்தீங்க?

தக்கலைப்பையன்:
ரெண்டு இடத்துலயும் பாத்தேன் அண்ணே. மேல காய்ஞ்ச கறுத்த மணல்ல தூக்கி இறக்கினா முனகுது. அலை வந்து போற இடத்துல எப்பிடி வீசினாலும் கத்துது. சென்சிட்டிவிட்டி முழுசா வச்சிருந்தேன்.

கொளச்சல்2:
மக்கா, அது மோனசைட்டு தாது. தோரியம் இருக்குல்லா, அந்தக் கதிர்வீச்சுக்குத்தான் கத்துது.

ரேடியோக்கடை:
இல்ல தம்பி. கதிர்வீச்சை அளக்கது கெய்கர் கருவி. மெட்டல் டிடெக்டருக்கு அதெல்லாம் தெரியாது. மணவாளக்குறிச்சி பக்கத்து மணல்ல மோனசைட்டு, சிர்க்கான், கார்னெட்டு எல்லாம் உண்டு. கறுப்பா கிடக்கது பெரும்பாலும் இல்மனைட்டு, அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. கூடவே கொஞ்சம் மேக்னடைட்டும் இருக்கும். கருவியைக் குழப்பறது இந்தக் காந்தத்தன்மைதான். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலித்தீன் கவர்ல போட்டு மணல்ல தடவிப் பாருங்க. மீசை மாதிரி ஒட்டி நிக்கது மேக்னடைட்டு. (கவர் இல்லாம தடவினா அப்புறம் தட்டித் தட்டி கை ஓஞ்சிரும்.)

தக்கலைப்பையா, உங்க தொல்லை ரெண்டு. ஒண்ணு கறுத்த மணல், இன்னொண்ணு உப்புத்தண்ணி. உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்தும், அதனால கருவிக்கு அதுவும் ஒரு உலோகம் மாதிரிதான் படும். ஒரே அலைவரிசைக் கருவியால ரெண்டையும் ஒரே நேரத்துல சமன் செய்ய முடியாது. மல்ட்டி அலைவரிசையோ பல்ஸ் வகையோ இருந்தா சுகம். இல்லாததால இடத்துக்கு ஒரு செட்டிங் வச்சுக்கிடுங்க.

காய்ஞ்ச மணல்ல உலோகமே இல்லாத ஒரு இடம் பாத்து, மண்ணோட தாக்கத்தைக் கழிக்கிற கிரவுண்ட் பேலன்ஸ் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு காயிலை ரெண்டு இன்ச்சுக்கும் ஒரு அடிக்கும் நடுவுல பைய ஏத்தி இறக்குங்க. ஏறும்போதும் இறங்கும்போதும் சத்தம் ஒண்ணுபோல ஆனா சரி. 20, 30 அடி நடந்த உடனே மறுபடியும் செய்யணும். அங்க மணல் பட்டை பட்டையா மாறும்.

ஈரத்துல சென்சிட்டிவிட்டியை பாதிக்குக் கீழ கொண்டு வாங்க. பீச் மோட் இருந்தா போடுங்க. காயிலை மணல்ல உரசாம ரெண்டு விரல் உயரத்துல ஒரே மட்டமா வீசணும். தண்ணியை நோக்கி நடக்காம, அலைக்கு இணையா நடங்க. அப்பதான் காயிலுக்கு அடியில ஈரம் அடிக்கடி மாறாது. ஆழம் குறையும்தான். ஆனா கத்துற கருவிக்கு ஆழமே கிடையாது.

டிஸ்க்ரிமினேஷனை ஏத்தினதுதான் பெரிய தப்பு. எந்த உலோகம்னு கருவி திரையில ஒரு எண் காட்டும்லா, அதுல உப்பு காட்டுற எண்ணும், மெல்லிசு தங்கமும், சிகரெட் பெட்டி ஈயத்தாளும் ஸ்கேல்ல கீழ ஒரே பக்கம். கொஞ்சம் கனமான மோதிரம் குளிர்பான டின் வளையத்தோட எண்ணுலயே வந்து நிக்கும். உப்பை அடக்கப் போய் மோதிரத்தையும் அடக்கியாச்சு. இரும்பை மட்டும் தள்ளுங்க, மிச்சத்தை எல்லாம் தோண்டுங்க. அக்கா மோதிரத்தை நூல்ல கட்டி, நூல் மறுமுனையை மணிக்கட்டுல சுத்திக்கிட்டு, 5 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் ஆழத்துல வச்சு எண்ணைக் குறிச்சு வையுங்க. நூல் முக்கியம், கேட்டியளா? ரெண்டாவது மோதிரமும் போச்சுன்னா நான் பொறுப்பில்ல.

கடப்புறத்துக்காரி:
எங்க வீட்டுல செயினைத் தொலைச்சு இதே பாடு. மோதிரம் மூடின வட்டம், நல்லா கேக்கும். செயின்ல ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியா, கருவிக்கு தூசி மாதிரி. கொக்கியோ டாலரோ மட்டும்தான் லேசா முனகும். கடைசில அரிப்புல மணலைச் சலிச்சுத்தான் எடுத்தோம். தம்பி, செல்போனை பாக்கெட்டுல வச்சுக்கிட்டு வீசாதீங்க, அதுவும் கத்த வைக்கும்.

கொளச்சல்2:
மோதிரம் கிடைச்ச பிறகு கருவியைக் குடுங்க, நம்ம வட்டக்கோட்டை பக்கம் ஒரு ரவுண்டு போவோம். டச்சுக்காரன் காசு கிடைக்கும்!

ரேடியோக்கடை:
மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கிற கோட்டை அது. அங்க தோண்டினா கேஸ்தான். மண்ணுக்குள்ள கிடைக்கிற புதையல் 10 ரூபாய்க்கு மேல மதிப்பிருந்தா கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878 சட்டமே இருக்கு. டச்சுக்காரன் 1741-ல தோத்தது வேற உங்க கொளச்சல்ல. வட்டக்கோட்டைல என்னத்தெ தேடப்போறீரு?

தக்கலைப்பையன்:
அப்டேட். நீர் வத்துற நேரம் பாத்து ரெண்டு நாள் போனேன். சென்சிட்டிவிட்டி 40, இரும்பு மட்டும் தள்ளி, காயிலை உரசாம. கருவி அடங்கிட்டு. அக்கா மோதிரம் 52, 53 காட்டுச்சு. அதே எண்ணுல 11 டின் வளையம், வலையில கட்டுற ஈயக்குண்டு ஒண்ணு. இன்னிக்குக் காலையில கறுத்த பட்டை ஒண்ணு முடியற ஓரத்துல 54 வந்துச்சு. எந்தப் பக்கம் வீசினாலும் அதே எண். நாலு விரல் ஆழத்துல அத்தான் மோதிரம்! நாங்க நின்னதா நினைச்ச இடத்துல இருந்து 40 அடி தள்ளி.

யாருடையதோ ஒரு வெள்ளி மெட்டியும் கிடைச்சுது. கோயில் ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தேன். ஒரு பாடு நன்றி அண்ணே.